ஙைரே ஆன்ட்டியின் மணல் அச்சு

இயந்திரத்தின் செதுக்கும் முனையான பிட்டைப் பலகைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிறுத்திவிட்டு, ஙைரே தன் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொள்கிறார். பலகை மேசையில் இறுகப் பிடிக்கப்பட்டுக் கிடக்கிறது. ஃபைல் தயார், இயந்திரம் தயார். ஆனாலும் முதல் ஓட்டம் எப்போதும் காற்றில்தான். பிட்டு சுழலாது, இயந்திரத்தின் தலை மட்டும் இடமும் வலமுமாகப் போய், ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு சமையலறைக் கதவைச் செதுக்கும். ஙைரே அதன் போக்கிலேயே தலையை ஆட்டிக்கொண்டு, நடுநடுவே ஒரு வாய் குடித்துக்கொண்டு நிற்பார்.

"அது வெறுங்காத்த வெட்டிட்டு இருக்கு, ஙைரே," என்பார் முதலாளி டெரெக், தினமும், அதே இடத்தில் நின்று.

"காத்துல தப்பு பண்ணா யாருக்கும் காயமில்ல, டெரெக். நேரா மரத்துல பண்ணிட்டு, அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து அழலாமா?"

டெரெக் போய்விடுவார். பதறாத காரியம் சிதறாது என்று நம் ஊரில் சொல்வதை அவருக்கு நான் ஒருமுறை மொழிபெயர்த்துச் சொன்னேன். "இப்படிச் சொல்ல ஏற்கெனவே இருக்கிற ஒருத்தி போதும்," என்றார்.

கிஸ்பர்னில் ஆற்றோரமாக இருக்கிற இந்தச் சமையலறை அலமாரிப் பட்டறையில் நான் பெயிண்ட் அடிக்கிறவன். மாவோரிப் பெண்மணி ஙைரே ஹாயெரேவா, கணினி சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் சி.என்.சி. இயந்திரத்தை ஓட்டுகிறவர். வயது ஐம்பத்தெட்டு. டெரெக் மாதிரி வெள்ளைக்காரர்கள் 'நைரீ' என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார், கொஞ்சம் மெதுவாக. நம் எழுத்துவரிசையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஙகரத்துக்கு ஒருவழியாக இந்த ஊரில் உத்தியோகம் கிடைத்துவிட்டது என்று முதல் நாளே எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அந்த மகிழ்ச்சி மத்தியானம் வரைதான். அவர் வெட்டினால் தூசி. என் ஈரப் பெயிண்டுக்குத் தூசி எமன். ஆக எங்களுக்கு ஏழாம் பொருத்தம். பதினோரு வருடமாக நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை தொங்குகிறது. அந்தத் திரையைத் தூக்கிக்கொண்டு தலையை நீட்டி, "பெயிண்டு, ரொட்டி கொண்டாந்திருக்கேன், வா," என்பார். எண்ணெயில் பொரித்த தடி ரொட்டி, மேலே பாகு. போகாமல் இருக்க முடியாது.

தலையில் எப்போதும் பூப்போட்ட நீச்சல் தொப்பி. சுழலும் எதிலும் முடி சிக்கக் கூடாது. காதில் உடைந்த பிட்டுகளைத்தான் தோடாகப் போட்டிருப்பார். இடது காதில் இருப்பது கிளாம்பின் மேல் மோதி உடைந்தது. அதற்குப் பிறகு, பலகையைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு கிளாம்பின் உச்சியிலும் உதட்டுச் சாயத்தால் சிவப்பு அடித்துவிடுவார். காற்றில் ஓடும்போது பிட்டு அந்தச் சிவப்புக்கு நேர் மேலே வந்தால் கோப்பை மேசைக்குப் போய்விடும், ஓட்டம் நின்றுவிடும். உதட்டுக்கு அவர் சாயம் போட்டு நான் பார்த்ததே இல்லை.

வெட்டும்போது பாடுவார். மோட்டார் எந்தச் சுருதியில் ஊளையிடுகிறதோ அதற்கு ஒத்த சுருதியில், அவருடைய மாவோரிப் பாட்டு ஏதாவது ஒன்று. திடீரென்று பாட்டு நின்றால் பிட்டு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். சத்தம் அரைச் சுருதி இறங்கினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். கீழே குனிந்து ஒரு சிட்டிகை மரச்சீவலை அள்ளி விரலில் உருட்டுவார். "செதிலா விழுந்தா வெட்டுது. மாவா விழுந்தா தேய்க்குது. தேய்ச்சா சூடு, சூடானா கருகல். இன்னும் வேகமா தள்ளணும்." மெதுவாக ஓட்டினால் இயந்திரத்துக்கு நல்லது என்று நம்பிக்கொண்டிருந்த டெரெக் இதை ஏற்றுக்கொள்ள மூன்று வருடமும் பல கருகிய கதவுகளும் ஆயின.

இங்கே வருவதற்கு முன் இருபது வருடம் நீச்சலுடைக் கம்பெனியில் துணி வெட்டியவர். அதனால் கணினியில் வரும் உருவங்களும் அவருக்குத் துணிதான். ஒரு பொருளை ஸ்கேன் செய்தால் அது லட்சக்கணக்கான குட்டி முக்கோணங்களைத் தைத்த வலையாக வரும், மெஷ் என்பார்கள். "மொதல்ல பொத்தல் இருக்கான்னு பாரு. சின்னப் பொத்தலை கம்ப்யூட்டரே தைக்கட்டும், பெரிசை நீ தை. அது தைச்சா தொப்பைக்கு நடுவுல தொப்பி வைக்கும். அப்புறம் துணி உள்புறம் வெளிய திரும்பியிருக்கான்னு பாரு. திரும்பியிருந்தா மிசின் மேட்டைப் பள்ளம்னு வெட்டும்." கடைசிக் கேள்வி, உண்மையில் முதல் கேள்வி: "இதுக்கு அளவு யாரு சொன்னது?" அந்த ஃபைலில் எண்கள் மட்டும்தான் இருக்கும், மில்லிமீட்டரா அங்குலமா என்று எழுதியிருக்காது. வேலைக்குச் சேர்ந்த வருடம் மீன்பிடிக் கிளப்புக்காக ஓர் ஆள் நீளத்துக்கு மேல் மார்லின் மீன் வெட்டப் போய், அங்குலத்தை மில்லிமீட்டராக எடுத்துக்கொண்ட இயந்திரம் நெத்திலியைச் செதுக்கிக் கொடுத்தது. அதை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். தன் தப்பைத் தானே எடுத்துக்காட்டிச் சிரிக்கிற ஆள்.

ஆனால் போன மார்ச் மாதம் அவர் செய்த தப்புக்குச் சிரிக்கவில்லை.

மராயா எங்கள் ஊர்ப் பெண், இருபத்தாறு வயது. கம்பளி பிரிக்கிற குழுவோடு போன வேன் கவிழ்ந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் நாலு வருடம் ஆகிறது. தோள் மட்டும் இரண்டு ஆளுக்கு இருக்கும். வாகா என்கிற, ஒரு பக்கம் மிதவை வைத்த படகை ஆற்றில் தனியாகத் துடுப்புப் போட்டு ஓட்டுவாள். அந்த வாரச் சனிக்கிழமை பந்தயம். அவளுக்கு எதிரி மற்ற படகுகள் இல்லை, இருக்கைதான். உட்காருகிற இடத்தில் எலும்பு அழுத்தினால் அவளுக்குத் தெரியாது. தோல் சிவந்து, புண்ணாகி, பிறகுதான் யாராவது பார்ப்பார்கள். முந்தின வருடம் அப்படி ஒரு புண்ணுக்காக நாலு மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தாள். அவளுடைய அக்கா டூயி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒவ்வொரு முறையும் டூயி பார்த்து, கட்டைவிரலால் அழுத்தி, சரி என்றால்தான் மராயா அடுத்த முறை தண்ணீரில் இறங்க முடியும்.

"அவ உடம்புக்குன்னே ஒரு சீட்டு வெட்டித் தாங்க, ஆன்ட்டி," என்று டூயி வந்து கேட்டாள். இந்த ஊரில் எல்லோருக்கும் ஙைரே ஆன்ட்டிதான். டெரெக்குக்குக்கூட, அவருக்கு ஏதாவது வேண்டும்போது.

திங்கட்கிழமை ஙைரே கடற்கரையிலிருந்து ஈர மணலை ஒரு பெரிய தொட்டியில் கொண்டுவந்து, தட்டிச் சமன் செய்து, மராயாவைத் தூக்கி அதில் உட்கார வைத்தார். துடுப்புப் போடுகிற மாதிரி இப்படியும் அப்படியும் திரும்பச் சொன்னார்.

"வெக்கப்படாம நல்லா அழுத்தி உக்காரு, கண்ணு."

"நாலு வருஷமா உக்காந்தேதான் ஆன்ட்டி இருக்கேன். எனக்கே சொல்லித் தரீங்களா?"

தூக்கியபின் மணலில் அவளுடைய அச்சு அப்படியே இருந்தது. பக்கத்தில் நூறு மில்லிமீட்டர் மரத்துண்டு ஒன்றை வைத்து, நெத்திலியை நினைத்துக்கொண்டுதான் வைத்திருப்பார், செல்போனைக் கொண்டு சுற்றிச் சுற்றி ஸ்கேன் எடுத்தார். அலைச்சறுக்குப் பலகை செய்கிற கடைக்காரர் ஒருவர் கெட்டியான ஃபோம் கட்டி ஒன்று கொடுத்திருந்தார். அதில் இரண்டு இருக்கைக்கு இடம் இருந்தது. இன்னொன்று வேண்டுமென்றால் ஆக்லாந்திலிருந்து வர வேண்டும், பத்து நாள் ஆகும்.

கணினியில் வந்த மெஷ் பார்க்கச் சகிக்கவில்லை. ஒவ்வொரு மணல் பருக்கையும் ஒரு கொப்புளம். ஙைரேவுக்கு அது பொறுக்கவில்லை. கசங்கின துணியை அப்படியே கொடுக்கிற ஆள் இல்லை அவர். மெஷ்ஷை வழவழப்பாக்குகிற கட்டளை ஒன்று உண்டு. அதைக் கொடுத்தார். போதவில்லை. இன்னொருமுறை. இன்னும் ஐந்து முறை. நான் திரையைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். வழவழவென்று வெண்ணெய் மாதிரி இருந்தது. பெயிண்ட் அடிக்கிறவனுக்கு அதைவிட அழகு உலகத்தில் இல்லை. "பிரமாதம், ஆன்ட்டி," என்றேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

புதன்கிழமை வெட்டினார். பெரிய பிட்டால் ஒரு மில்லிமீட்டர் சதை மிச்சம் விட்டுக் குடைந்து, பிறகு உருண்டை மூக்குப் பிட்டால் நெருக்கமான வரிகளாக ஓட்டி முடித்தார். வரிகள் முன்னிருந்து பின்னாகப் போகும்படி வைத்தார். குறுக்கே போனால் துடுப்புக்கு உந்தும்போது தோலை அராவும் என்றார். இருக்கை வந்தது. ஊரில் அவ்வளவு அழகான இருக்கையில் மேயர்கூட உட்கார்ந்திருக்க மாட்டார்.

மராயா பட்டறையிலேயே அதில் இருபது நிமிடம் உட்கார்ந்து பார்த்தாள். "நல்லாதான் இருக்கு. ஆனா யாரோ என்னை இடது பக்கமா நெட்டித் தள்ற மாதிரி இருக்கு," என்றாள். டூயி அவளை அலுவலக அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வந்தபோது முகம் சரியில்லை.

"வலது பக்கம் செவந்திருக்கு, ஆன்ட்டி. அழுத்தினா வெளுக்குது, ஆனா திரும்பத் திரும்ப செவக்குது. இருபது நிமிஷத்துக்கே இப்படி. சனிக்கிழமை தயாராகி, காத்திருந்து, ஓட்டி முடிக்க ஒன்றரை மணி நேரமாவது ஆகும். இந்த சீட்டுல நான் விட மாட்டேன்."

"பந்தயத்துக்கு மட்டும்..." என்று மராயா ஆரம்பித்தாள்.

"நாலு மாசம் உன்னைக் குப்புறப் போட்டுக் கழுவினது நான்தாண்டி," என்றாள் டூயி.

அவர்கள் போனபின் ஙைரே பாடவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தார். நான் பிரஷ்ஷைக் கழுவுகிற சாக்கில் பக்கத்தில் நின்றேன். மணலில் எடுத்த முதல் மெஷ்ஷையும், தான் வழவழப்பாக்கின மெஷ்ஷையும் ஒன்றின்மேல் ஒன்று போட்டார். எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அங்கே சிவப்பாகக் காட்டச் சொன்னார். எல்லா இடமும் நீலமாக வந்தது, ஓர் இடம் தவிர. வலது பக்கம், ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய சிவப்பு.

விபத்தில் மராயாவின் இடுப்பெலும்பு வலது பக்கமாகச் சரிந்துவிட்டது. அந்தப் பக்கத்து எலும்பு மணலில் ஒரு சின்னக் குழியைத் தோண்டியிருந்தது, ஒன்பது மில்லிமீட்டர் ஆழம். ஏழு முறை வழவழப்பாக்கியதில் அந்தக் குழி தூர்ந்து சமமாகிவிட்டது.

"சுருக்கம்னு நெனச்சு அவளையே இஸ்திரி போட்டுட்டேன், பெயிண்டு," என்றார்.

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கின கதை என்பார்கள். எனக்குத் துக்கமாக இருந்தது. அவருக்குக் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். இவ்வளவு ஜாக்கிரதையான ஆள். காற்றில் ஓட்டிப் பார்த்தார், கிளாம்புக்குச் சிவப்பு அடித்தார், அளவுக்கு மரத்துண்டு வைத்தார். தப்பு இயந்திரத்துக்கு வருமுன்னே, அவர் ஆசைப்பட்ட இடத்தில் நடந்துவிட்டது.

வியாழக்கிழமை முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மதியம் டூயி போன் செய்து, சிவப்பு நேற்று ராத்திரியே மறைந்துவிட்டது, வேறு இருக்கை இருந்தால் மராயா இறங்கலாம் என்றாள். ஙைரே ஒரு பன்னிரண்டு மில்லிமீட்டர் உருண்டை பிட்டை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே இருந்தவர், திடீரென்று எழுந்து திரையைத் தூக்கினார்.

"பெயிண்டு, மணல் பருக்கை எவ்ளோ பெரிசு?"

"அரை மில்லிமீட்டர் இருக்கும்."

"இந்தக் குண்டு மூக்கு அதுக்குள்ள போகுமா?"

"போகாது."

"போகாது இல்ல? அப்புறம் நான் எதுக்கு வழவழப்பாக்கணும்? பிட்டே அந்தக் குட்டிப் பள்ளத்தையெல்லாம் தாண்டிப் போயிடும், எலும்புக் குழிக்குள்ள மட்டும் எறங்கும். மேடு ஒண்ணு ரெண்டு நின்னா உப்புத்தாள்ல தேய்ச்சிக்கலாம். நான் ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா இருந்தாலே போதும்."

சும்மா இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். மணல் உதிர்ந்திருந்த ஓரத்தை மட்டும் சரிசெய்தார். முக்கோணங்களைச் சமமான இடங்களில் மட்டும் குறைத்தார். அதிகம் இருந்தால் இயந்திரம் திக்கித் திக்கி ஓடும். மற்றதெல்லாம் கொப்புளம் கொப்புளமாக, அப்படியே விட்டார். ஒரு தடவை கை அந்த வழவழப்புக் கட்டளைப் பக்கம் போனது. அடுத்த கையால் அதை அடித்தார்.

வெள்ளிக்கிழமை இயந்திரத்தில் ஒரு மோட்டலுக்குப் பதினாலு கதவு வெட்ட வேண்டியிருந்தது. டெரெக் போனை எடுத்து, மிசினுக்கு ஜலதோஷம், திங்கட்கிழமை தருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தார். பிறகு எங்களைப் பார்த்து, "என்ன பாக்குறீங்க? போய் காத்த வெட்டுங்க," என்றார்.

மராயாவும் டூயியும் வந்திருந்தார்கள். ஙைரே மாவோரியில் இரண்டு வரி ஜெபம் சொன்னார், டெரெக்கும் தலை குனிந்தார். கட்டியில் மிச்சமிருந்தது ஒரே ஓர் இருக்கை. முதலில் காற்றில். பிட்டு கட்டிக்கு மேலே ஒன்றுமில்லாத இடத்தில் ஏறி இறங்கிப் போனது. வலது பக்கம் ஓர் இடத்தில் கொஞ்சம் அதிகமாகத் தாழ்ந்து எழுந்தது.

"அதா நான்?" என்றாள் மராயா.

"அதேதான் நீ. முந்தாநேத்து உன்னைக் காணோம்."

வெட்டி முடிய மூன்று மணி நேரம். நடுவில் பாட்டு திரும்பி வந்தது. மராயாவும் கூடப் பாடினாள், டெரெக் சுருதி சேராமல் பாடினார். இருக்கை முன்னதைவிடச் சொரசொரப்பாக, அம்மைத் தழும்பு மாதிரி வந்தது. உப்புத்தாளை என்னிடம் கொடுத்தார் ஙைரே. "நீ தேய். என் கைக்கு இப்போ நம்பிக்கை கிடையாது. குழிக்குள்ள ரெண்டே தேய்ப்பு, எண்ணிக்கோ." எண்ணிக்கொண்டேன். மேலே மெல்லிய ரப்பர் துணியை ஒட்டி, அன்று மாலையே மராயா இருபது நிமிடம் உட்கார்ந்தாள். சிவக்கவில்லை. இருபது நிமிடம் என்பது ஒன்றரை மணி நேரம் இல்லை என்றாள் டூயி. போகலாம் என்றும் சொன்னாள்.

சனிக்கிழமை ஆற்றங்கரையில் பாதி ஊர் இருந்தது. கூடாரங்கள், சிப்பி வடை, வெயில், குறுக்கே ஓடும் நாய்கள். மராயாவின் பந்தயத்தில் நாலு படகு. ஆரம்பம் தாமதமாகி, அவள் தண்ணீரிலேயே நாற்பது நிமிடம் காத்திருந்தாள். டூயி கடிகாரத்தைப் பார்த்தாள். ஙைரே டூயியைப் பார்த்தார். பிறகு படகுகளை விட்டார்கள். ஐந்நூறு மீட்டர். அவள் படகு நேராகப் போனது, இடது பக்கம் சாயவே இல்லை. மூன்றாவதாக வந்தாள். கரை முழுக்க ஆரவாரம் எழும்பியது, டெரெக் யாரோ ஒருவருடைய பாட்டியைக் கட்டிக்கொண்டார். ஙைரே கைதட்டவில்லை.

டூயியும் இன்னும் இரண்டு பேரும் மராயாவைத் தூக்கிக் கூடாரத்துக்குள் கொண்டுபோனார்கள். ஙைரே படகிலிருந்து இருக்கையைக் கழற்றி, சொட்டச் சொட்ட நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூடாரத்துக்கு வெளியே நின்றார். நானும் நின்றேன். உள்ளே டூயி கட்டைவிரல் வைத்து அழுத்துகிறாள், எடுக்கிறாள், காத்திருக்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவ்வளவு நேரம் என் பெயிண்டும் காய்ந்ததில்லை.

"ஆன்ட்டி," என்று துணிக்கு உள்ளிருந்து டூயியின் குரல் வந்தது. "ஒண்ணுமில்ல. ரெண்டு பக்கமும் ஒரே நிறம். அடுத்த சனிக்கிழமையும் எறங்கலாம்."

ஙைரே இருக்கையைத் திருப்பி, இரண்டு கையாலும் ஏந்தி, முகத்தை அதில் புதைத்துக்கொண்டார். கன்னம் அந்த வலது குழியில் சரியாகப் பொருந்தியது. தோள் குலுங்கியது, சிரிப்பா அழுகையா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

சக்கர நாற்காலியில் வெளியே வந்த மராயா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆன்ட்டி, நான் இப்பத்தான் ஒன்றரை மணி நேரம் அதுமேல உக்காந்திருந்தேன்."

ஙைரே முகத்தை எடுக்கவில்லை. ஒரு கையை மட்டும் இருக்கையிலிருந்து விடுவித்து, விரலை உயர்த்தி, கொஞ்சம் இரு என்று காட்டினார்.